வெள்ளைக்கார அக்காவுக்கு வந்த தந்தி

திருவொற்றியூரில் என் மகன் வீட்டுக்கு எதிரே ஒரு சின்னப் பெண் சைக்கிள் பழகுகிறாள். ஆளே இல்லாத தெருவிலும் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போவாள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்க்கிறேன். கை தானாக முந்தானைக்குப் போகிறது. மருமகள் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நான் பிறந்து வளர்ந்த ராயபுரத்து மீனவர் சந்தில் ஒருவரிடமும் சைக்கிள் கிடையாது. மணிச் சத்தம் கேட்டால் தந்திக்காரர் வருகிறார் என்று அர்த்தம். தந்தி வந்தால் சாவு என்று அர்த்தம்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள். இருந்தாலும் அந்த அக்காவைப் பற்றி எழுதிவைத்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நானும் போய்விட்டால் இந்தக் கரையில் அவளை நினைக்க ஒருவரும் இல்லை.

எங்கள் சந்து முடிகிற இடத்தில், ஓட்டு வீட்டில், டீச்சரம்மா இருந்தார்கள். அம்மா கொடுத்தனுப்பும் மீனை அங்கே கொண்டுபோய் ஆய்ந்து கொடுப்பது என் வேலை. டீச்சரம்மாவின் மகள் நார்வே என்ற தேசத்தில் ஒரு வருஷம் படிப்பது, அவள் தங்கும் வீட்டுப் பெண் இங்கே வந்து ஒரு வருஷம் படிப்பது என்று இரண்டு பள்ளிக்கூடங்களும் பேசி ஏற்பாடு செய்திருந்தன. சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. "அல்லா வெள்ளைக்காரனும் கப்பலேறிப் போய்க்கினு கீறான், இது ஒண்ணு மட்டும் எறங்கி வர்தே, வயி தப்பிப் பூட்ச்சா?" என்று அத்தை கேட்டாள். அத்தை என் அப்பாவின் அக்கா. கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பாததால் எங்கள் வீட்டோடு இருந்தவள். சிரிக்கவைப்பதிலும் அவள்தான் முதல், சாவு வீட்டில் ஒப்பாரி எடுத்துக் கொடுப்பதிலும் அவள்தான் முதல்.

வந்தவளுக்குப் பதினாறு வயது. எனக்கு மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றேன். முதல் மாதம் பார்க்கச் சகிக்கவில்லை. வெயிலில் மூக்குத் தோல் உரிந்தது, கழுத்தெல்லாம் வேர்க்குரு. எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது இவளுக்கு மட்டும் மேஜையும் கரண்டியும் வைத்தார்கள். மரியாதைக்குத்தான் வைத்தார்கள். அவளுக்கோ அது தள்ளிவைத்த மாதிரி இருந்திருக்கிறது. சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுவாள். எனக்குத் தெரியும், ஆனால் என்ன பாஷையில் ஆறுதல் சொல்வது? வாளியில் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருப்பேன்.

ஒருநாள் நான் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்கா வந்து குந்தினாள். அரிவாள்மனையைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். சமையல்கட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்துவந்து, மீனை இடது கையில் பிடித்து ஒரே இழுப்பில் குடலை வெளியே எடுத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அவள் அப்பாவும் படகில் மீன் பிடிக்கிறவர். கூடையோடு வந்த அத்தை வாயைப் பிளந்தாள். "பார்ரீ! தொரசாணி இல்லடி இவ, நம்மளாட்டம் மீன்காரிடி!" சந்தில் இருந்த பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அக்கா முதல் முதலாகப் பல் தெரியச் சிரித்தாள். அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்து, முழங்கைவரை குழம்பு வழியச் சாப்பிட்டாள். எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் "இன்னாமே, சோறு கீதா?" என்று அவள் கேட்கும்போது டீச்சரம்மா தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன்னே ஒரு மத்தியானம் மணிச் சத்தம் கேட்டது. தந்திக்காரர் சந்து முனையில் நின்று, "வெள்ளைக்காரப் பொண்ணு தங்கிக்கிற வூடு எது?" என்றார். அவ்வளவுதான். அத்தை கூடையைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். டீச்சரம்மாவும் அக்காவும் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் எங்கள் பெண்கள் அந்த வீட்டு வாசலில் தலையை விரித்துப்போட்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை எடுத்துக் கொடுத்தாள்: "தடம் இல்லாத தண்ணியில எங்கப்பா, நான் எங்க வந்து தேடுவேன் எங்கப்பா." தன் புருஷனுக்காக அழுத அழுகைதான், 'என் ராசா' என்ற இடத்தில் 'எங்கப்பா' என்று மாற்றிக்கொண்டாள். அக்கா வெளுத்துப்போய் நின்றாள். டீச்சரம்மா தந்தியைப் பிரித்துப் படித்தார்கள். அக்காவின் பிறந்தநாளுக்கு அவள் அப்பா அனுப்பிய வாழ்த்து.

அழுகை அப்படியே நின்றது. "பொறந்ததுக்கா தந்தி அடிப்பாங்க? இன்னா மனுசன் அவரு, நம்ம உசுரே பூட்ச்சு!" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். சந்தே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் அப்பாவை இவர்கள் பார்த்ததே இல்லையே, எதற்கு அழுதார்கள் என்று டீச்சரம்மாவிடம் கேட்டாள். அதற்கு அத்தை சொன்னாள்: "பாத்தாதான் அழுவணுமா? அது ஒண்டியா வந்து கீது. நாம அழுவலன்னா அதுக்கு யாரு அழுவாங்க?" டீச்சரம்மா எடுத்துச் சொன்னதும் அக்கா ஓடிவந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பொய்யி அழுவ அழுதா ஆயுசு கெட்டி கண்ணு, உங்க நைனா நூறு வயசு இருப்பாரு பாரு" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள் அத்தை.

அதன் பிறகு அந்த ஒப்பாரி எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. அக்கா அதை என்னிடம் கற்றுக்கொண்டாள். மீன் ஆயும்போது தலையை ஆட்டி ஆட்டிப் பாடுவாள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

பொங்கல் கழிந்த வாரம். பள்ளிக்கூடம் இல்லாத நாள். டீச்சரம்மா வீட்டுப் பின்கட்டில் நாங்கள் மீனோடு உட்கார்ந்திருந்தோம். மறுபடியும் மணிச் சத்தம். இந்தத் தடவை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "இன்னாமே, இந்தத் தபா இன்னாத்துக்கு அடிச்சுகிறாரு உங்க நைனா? பொங்கலுக்கா? மருவாதியா எங்களுக்கு மிட்டாய் வாங்கிக் குடு" என்றாள் அத்தை. அக்கா சிரித்துக்கொண்டே கையைப் பாவாடையில் துடைத்து, தானே பிரித்தாள். பிரித்தவள் படித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வரிதான் இருக்கும், அதையே படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தில் சிரிப்பு இன்னும் காயவில்லை. டீச்சரம்மா வந்து வாங்கிப் பார்த்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டார்கள். அவள் அப்பா போன படகு புயலில் சிக்கித் திரும்பவில்லை, தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு அத்தையிடம், "அன்னிக்கு அழுதீங்கோ. இன்னிக்கு ஏன் யாரும் அழுவல?" என்றாள்.

எந்த வீட்டுச் சாவுக்கும் கூப்பிடுவதற்கு முன்னே அழுகிற அத்தை அன்றைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் வாயிதான்... என் வாயிதான்" என்று மட்டும் முணுமுணுத்தாள். பிறகு எழுந்து, அக்காவின் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோனாள். எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. கடல் உடம்பைத் திருப்பித் தராவிட்டால் எங்கள் பெண்கள் ஈர மணலில் கடலைப் பார்த்து உட்கார்ந்துதான் அழுவார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் விஷயம் புரிந்து எழுந்து நின்றார்கள். "அப்பா இந்தக் கடல் இல்ல" என்றாள் அக்கா. "கடலு அல்லாம் ஒண்ணுதான் கண்ணு" என்றாள் என் அம்மா.

அத்தை எடுத்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தோம். அவள் தலை நிமிரவில்லை. அப்போது அக்கா தொடங்கினாள். விளையாட்டுக்குக் கற்ற அதே பாட்டு. தடம் இல்லாத தண்ணியில எங்கப்பா, நான் எங்க வந்து தேடுவேன் எங்கப்பா. ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. நான் கற்றுக்கொடுத்த இடத்தில் மூச்சு விட்டு, கற்றுக்கொடுத்த இடத்தில் இழுத்தாள். இரண்டாவது தடவை பாடும்போது அத்தை அவள் மடியில் விழுந்து, அவள் பின்னாலேயே பாடினாள். ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவள் அன்றைக்கு அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பின்பாட்டு. நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம். அவளைப் பெற்றவளின் பக்கத்தில் அந்த நேரம் டீச்சரம்மாவின் மகள்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு இன்னும் அழுகை வந்தது.

கப்பலில் ஊர் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். போய்ப் பார்க்க உடம்பும் இல்லை. படிப்பை முடித்துவிட்டு வா என்று அவள் அம்மாவே எழுதிவிட்டாளாம். அக்கா இருந்தாள். மீன் ஆய்ந்தாள், தரையில் சாப்பிட்டாள், பாடவில்லை. கோடையில் ஹார்பரில் கப்பலேறினாள். அத்தை வழியனுப்ப வரவில்லை. "உங்க ஆத்தாளுக்குக் குடு" என்று ஒரு பொட்டலம் கருவாடு மட்டும் கொடுத்தனுப்பினாள். பிறந்தநாள் என்று யாராவது பேச்செடுத்தால் கடைசிவரை அத்தை எழுந்து போய்விடுவாள். டீச்சரம்மா மகள் திரும்பி வந்ததும் அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு மாறிப் போனது. அக்காவைப் பற்றிச் சொல்ல அதன் பிறகு யாரும் இல்லை.

இப்போது நாங்கள் உட்கார்ந்து அழுத மணலும் இல்லை. கருங்கல்லைக் கொட்டி மூடிவிட்டார்கள். தந்தியையே நிறுத்திவிட்டார்களாம், மகன் சொன்னான். அக்கா இருந்தால் என்னைவிட மூத்த கிழவி. இல்லாமலும் போயிருக்கலாம். எனக்கு யார் சொல்வார்கள்? பார்த்தால்தான் அழ வேண்டுமா என்று அத்தை கேட்டாள். சரிதான். ஆனால் சேதியாவது வர வேண்டாமா? எதிரே தெருவில் மணி அடிக்கிறது. முந்தானையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், அழலாமா கூடாதா என்று தெரியாமல்.