அம்மாவை வெளியே தள்ளிய இணையதளம்

என் அக்காவுக்கு வீட்டில் ‘சுருக்கு’ என்று பெயர். கோபம் சுருக்கென்று வரும். கை அதைவிடச் சுருக்காக வேலை செய்யும். இணையதளம் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். கண் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கும் தளம் அவளும் அவள் கூட்டமும் எழுதியதுதான். நான் முடி வெட்டுகிறவன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு அந்தத் தளத்தில்தான் தேதி வாங்க வேண்டும். நான் போட்டுத் தருகிறேன் என்று போனை வாங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

“என் கண்ணுக்கு நான்தான் தேதி வாங்குவேன். நீ போய் உன் கடையைத் திற.”

அது வெறும் பிடிவாதம் இல்லை. பார்வை மங்க மங்க வீட்டு வேலை ஒவ்வொன்றாக எங்கள் கைக்கு வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் பதிவுகூட இப்போது நான்தான். இதையும் கொடுத்துவிட்டால் தனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குப் பயம்.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவாள். நடுவில் கண்ணாடியைத் துடைப்பாள். மருந்துச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாள். கடைசிப் பொத்தானை அழுத்தியதும், ‘மீண்டும் உள்ளே நுழையவும்’ என்று தளம் அவளை முதல் பக்கத்துக்கே துரத்தும். தினமும் இதே கூத்து.

“உன் சைட்டு என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுதுடி.”

“நீ ஆமை மாதிரி அடிச்சா அது என்னம்மா பண்ணும்?”

அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு அக்காமேல் எரிச்சலாக வந்தது. அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். “யாரும் எதையும் அழுத்தலைன்னாலும் சைட்டு அரை மணி நேரம் காத்திருக்கணும்னுதான் எழுதி வெச்சிருக்கோம். அம்மா அவ்வளவு நேரம்கூட எடுக்கலையே” என்று முனகினாள்.

மறுநாள் ஆபீசில், தளத்தில் கூட்டம் மொய்க்கும் காலை நேரத்தில், அவளே ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

“என்ன மேடம், கையில அடியா?” என்றார் மேலாளர்.

“இல்ல சார். இன்னைக்கு நான் எங்கம்மா.”

கடைசிப் பொத்தானை அழுத்தினாள். தளம் அவளையும் வெளியே தள்ளியது. அந்த ஆபீசில் எல்லாரும் மின்னல் வேகத்தில் தட்டுகிறவர்கள். அந்த வேகத்திலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிறகு இந்தக் குறை எப்படிக் கண்ணில் படும்?

தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்த காரணத்தை எனக்கு என் கடையை வைத்துத்தான் விளக்கினாள். வந்தவர் யார், என்ன கேட்டார் என்று தளம் நினைவில் வைப்பதற்கு செஷன் என்று பெயர். அதில் அவர் பெயரும் கேட்ட தேதியும் இருந்தால் போதும். இவர்களோ ஆஸ்பத்திரியின் மொத்த டாக்டர் பட்டியலையும் ஒவ்வொருவர் செஷனிலும் திணித்திருந்தார்கள். கடையிலுள்ள சீப்பு, கத்தரி அத்தனையையும் ஒவ்வொரு வாடிக்கையாளர் மடியிலும் வைத்தது போல. கூட்டம் வந்ததும் நினைவகத்தில் இடம் நிறைந்துவிடும். உடனே தளம், நெடுநேரம் எந்தப் பொத்தானும் அழுத்தாதவரின் செஷனைத் தூக்கி எறியும். அது எப்போதும் அம்மா மாதிரி ஆட்கள்தான்.

“இன்னும் கொஞ்சம் மெமரி போட்டா போச்சு” என்றார் மேலாளர்.

“அதுவும் ரொம்பிடும் சார். குப்பையை எடுப்போம்.”

டாக்டர் பட்டியலை எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைத்தாள். செஷனில் பெயரையும் தேதியையும் மட்டும் விட்டாள். மறுபடி ஒற்றை விரல், நடுவில் எழுந்து போய் நிதானமாக ஒரு காபி. திரும்பி வந்து அழுத்தினாள். தளம் ஏற்றுக்கொண்டது. முன்பு சுற்றிச் சுற்றி மெதுவாகத் திறந்த பக்கங்களும் இப்போது தொட்டவுடன் திறந்தன. மேலாளரே ஒற்றை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினாராம்.

அடுத்த காலை அம்மா உட்கார்ந்தாள். நான் கடையைத் திறக்காமல் பின்னால் நின்றேன். அதே விரல், அதே துடைப்பு, அதே மருந்துச் சீட்டு. கடைசிப் பொத்தான். பச்சையாக ஒரு கட்டம் வந்தது: ‘உங்கள் தேதி உறுதியானது.’ எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அம்மா ஆபீசுக்குப் போயிருந்த அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

“தேதி கெடச்சிடுச்சுடி. ஆமைன்னு சொன்னியே, இப்ப என் விரல் எவ்வளவு வேகமாயிடுச்சு பாத்தியா?”



“பாத்தேம்மா” என்றாள் அக்கா. “நீ பறக்கிறே.”

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அடுத்த சிலிண்டரை நான்தான் பதிவு பண்ணுவேன். நீ அதுல கை வெக்காதே.”