நான் பேசிய அரபி

தொண்ணூறுகளின் நடுவில், நர்ஸ் வேலைக்கென்று முதன்முதலாகக் குவைத்தில் இறங்கிய மறுநாள் அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தேன். மருத்துவமனை முதலாளிக்கு அரபி மட்டும்தான் தெரியும். மொழிபெயர்க்க வந்தவர் அவரிடமே சம்பளம் வாங்கும் குமாஸ்தா, காயல்பட்டினத்துக்காரர். ஒடிசலான உடம்பு. ஒவ்வொரு முறை வாய் திறப்பதற்கு முன்பும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

மெட்ராஸில் ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒப்பந்தத்தில் இல்லை. லீவில் ஊருக்குப் போய்வர டிக்கெட் இல்லை. நைட் டியூட்டிக்கு வண்டியும் இல்லை. என் பாஸ்போர்ட் அதற்குள் முதலாளியின் மேஜை டிராயருக்குள் போயிருந்தது.

"என்னம்மா சொல்லட்டும்?" என்றார் குமாஸ்தா.

"எல்லாம் சம்மதம்னு சொல்லிடுங்க பாய். திருப்பி அனுப்பிடாம இருந்தாப் போதும்."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நெடுநேரம் அரபியில் பேசினார். நடுநடுவே என்னைக் கை காட்டினார். முதலாளி மேஜையில் ஓங்கி அடித்தார். இன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்னை முறைத்துக்கொண்டே டிக்கெட்டையும் வண்டியையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சம்பளம் மட்டும் ஏறவில்லை.

வெளியே வந்ததும், "நான் எதுவுமே கேக்கலயே பாய்" என்றேன்.

"கேட்டீங்கம்மா. ரொம்பக் கோவமாக் கேட்டீங்க. இனி அவரைப் பாத்துச் சிரிச்சிடாதீங்க."

என் பெயரில் என்ன பேசினாரோ, எதற்காகப் பேசினாரோ, இன்றுவரை தெரியாது. முதலாளி வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன். முதலாளிதான் முதலில் சலாம் சொல்வார்.