தவளை தின்ற பழம்

அந்த வீடியோ விளையாட்டில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. விமான நிலையக் கடையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் வீட்டுக்கு வந்து, ஐம்பத்திரண்டு வயதில் மிதக்கும் தீவுகளின் மேல் தாவித் தாவிப் போவது சும்மா காரியமா?

மகள்தான் பழக்கினாள். இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. அவள் நரிக்குட்டி, நான் மந்திரவாதியின் வீட்டுத் தவளை. முள்ளுக் காளான்களுக்குத் தப்பி, மேகக் கோட்டையின் உச்சியில் தொங்கும் மணியை அடிக்கவேண்டும். இரத்தமும் துப்பாக்கியும் கிடையாது. செத்தால்கூட 'பொப்' என்று ஒரு குமிழி வெடிக்கும், அவ்வளவுதான். அடிபட்டுச் சோர்ந்தால் வழியில் தொங்கும் மஞ்சள் பழத்தைத் தின்னலாம், பலம் திரும்பிவிடும். ஓர் இடத்தில் ஒரு பழம்தான். முந்தினவருக்கு அது.

அந்த வருடம் மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று லண்டனில், வீட்டிலிருந்தே போய்வரலாம். மற்றது ஸ்கொட்லாந்தில், கடல் உயிரினங்களைப் பற்றிய படிப்பு. சின்ன வயதிலிருந்து நண்டு, சிப்பி என்று திரிந்தவளுக்கு எதில் ஆசை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் லண்டன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

"நீ போ பிள்ளை, நான் சமாளிப்பன்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பதில் அனுப்பவேண்டிய கடைசி வாரத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேகக் கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். ஏழு தடவை ஏறினோம். ஏழு தடவையும் நான்தான் முதலில் செத்தேன். ஒருவர் போனாலும் மற்றவர் தொடர்ந்து ஏறி மணியை அடிக்கலாம். அவளோ ஏறமாட்டேன் என்று நான் செத்த இடத்திலேயே நின்றுவிடுவாள். எட்டாவது தடவையும் நான் போனதும் கொன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.

"அம்மா, பழம் உங்களுக்கு முன்னாலதானே தொங்கினது. ஏன் எடுக்கேல்லை?"

"உனக்கு இருக்கட்டும் எண்டு விட்டனான்."

"என்ர லைஃப் ஃபுல்லா இருந்தது. எனக்கு அது தேவையே இல்லை."

உண்மைதான். நான் யோசித்துச் செய்த காரியமில்லை. எங்கள் வீடுகளில் தாய்மார் எல்லாருக்கும் பரிமாறி, சட்டியில் மிஞ்சினதைத்தான் தங்களுக்குப் போட்டுக்கொள்வார்கள். பிள்ளை போதும் என்றாலும் நம்பமாட்டார்கள். அந்தப் பழக்கம் தவளைக்கும் தொற்றிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"கேமில கூட நீங்க உங்களைப் பாக்கிறேல்லை. நான் அங்க போனா சமைப்பியளோ? டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டிட்டுப் படுப்பியள். என்னெண்டு நான் போறது?"

சுருக்கென்றது. அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடியது. முந்தின வருடம் அவள் பள்ளிக்கூடச் சுற்றுலா போன ஒரு கிழமை, ஏழு நாளும் நான் அடுப்பைத் தொடவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

"எடு கொன்ட்ரோலரை" என்றேன்.

இந்த முறை கண்ணில் பட்ட பழத்தையெல்லாம் தின்றேன். முதல் பழத்தைத் தொட்டபோது, பந்தியில் பிள்ளையை முந்திக் கைவைத்ததுபோலக் கூசியது. இரண்டாவதற்குக் கூச்சம் பாதியாகிவிட்டது. மூன்றாவதை அவளை இடித்துத் தள்ளிவிட்டே எடுத்தேன். "அம்மா!" என்று கத்தினாள், சந்தோஷமாகத்தான். அடுத்த வளைவில் ஒரு காளான் அவளைத் தட்டிவிட்டது. நரிக்குட்டி 'பொப்'. அந்தப் பழத்தை விட்டிருந்தால் தப்பியிருப்பாள். என் கை நின்றுவிட்டது.

"நிக்காதேங்கோ, போங்கோ. ஏலுமோ?"

"ஓம்."

மிச்சம் ஐந்து படி, ஒன்றும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு படிகளைத் தாண்டினேன். ஐந்தாவதிலும் பிசகாமல் இறங்கி மணியை அடித்தேன். மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு போனை எடுத்து, என் கண் முன்னாலேயே ஸ்கொட்லாந்துக்குச் சம்மதம் அனுப்பினாள். இரண்டு பேரும் அழுதோம்.

அந்தக் கடைசித் தாவலில் நான் விழுந்திருந்தால் அவள் என்னோடேயே இருந்திருப்பாள். விரலைக் கொஞ்சம் பிந்தி அழுத்தியிருந்தால் போதும். தாவுவதற்கு முன்பே அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தாவினேன்.