பதினெட்டு நாள் காய்ச்சல்

ஸ்டாக் அக்காவுக்கு முழங்காலைத் தவிர மத்ததெல்லாம் இரும்பு. பதினாறு வருஷத்துல அவங்க காய்ச்சல்னு படுத்து நான் பாத்ததே இல்லை. ஆனா எங்க கம்பெனி லீவு ரிஜிஸ்டர்ல அவங்க பக்கத்தைப் புரட்டினா, ஐயோ பாவம், யாரோ சீக்காளின்னு நினைப்பீங்க. ஆறு மாசத்துக்கு ஒருதரம் மூணு நாள் காய்ச்சல், சொல்லி வச்ச மாதிரி. அந்தக் காய்ச்சலை எழுதினவ நான்தான்.

நான் லீவு செக்‌ஷன் கிளார்க். அக்கா கீழே உதிரி பாகக் கிடங்குல சூப்பர்வைசர். எந்த பேரிங் எந்த அலமாரியில எத்தனாவது தட்டுல இருக்குன்னு கம்ப்யூட்டர் தேடி முடிக்கிறதுக்குள்ள வாயால சொல்லிடுவாங்க. அதான் அந்தப் பேரு. சொந்தப் பேரை அவங்க வீட்டுக்காரரே மறந்திருப்பார்னு கேன்டீன்ல கிண்டல் பண்ணுவோம்.

நாள் முழுக்க சிமென்ட் தரையில நின்னு நின்னு முழங்கால் போச்சு. டாக்டர் பாத்துட்டு, "நிக்கிற வேலையை விட்டாத்தான் இது தேறும்"னுட்டார். கிடங்கு மேனேஜர் ரிடையராக மூணு வருஷம் இருந்தது. அந்த வேலைக்குக் கண்ணாடி ரூம், சுழல் நாற்காலி. ஆனா எம்.பி.ஏ. வேணும்னு விதி. 'படியுங்கள், உயருங்கள்'னு கம்பெனியே கேன்டீன் சுவர்ல போஸ்டர் ஒட்டியிருந்தது, கைகழுவுற இடத்துக்கு மேல.

"ஒரு நாற்காலியில உட்கார மூணு வருஷம் படிக்கணுமாம்டி"ன்னு சிரிச்சாங்க. சேந்துட்டாங்க. வேலை பாக்குறவங்களுக்குன்னே நடத்துற ஆன்லைன் படிப்பு. கம்பெனி பஸ்ல ஒரு காதுல பாடம் ஓடும், இன்னொரு காதுல எங்க வம்பு. மதியச் சாப்பாட்டு நேரத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற அண்ணன் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு கேள்வி கேப்பார். பதில் சரியான்னு அவருக்கு என்ன தெரியும்? "தடுமாறாம சொன்னியா, பாஸு"ம்பார்.

பாடமெல்லாம் அவங்க நேரத்துக்கு வளைஞ்சு கொடுத்தது. பரீட்சை மட்டும் வளையலை. அது நேர்ல, ஒரு மையத்துல, வாரநாள்ல. அதுவும் சரியா நாங்க கிடங்குச் சரக்கையெல்லாம் எண்ணி அரையாண்டு ஸ்டாக் எடுக்கிற வாரத்துல! அந்த வாரம் யாருக்கும் சாதா லீவு கிடையாது. படிப்புக்குன்னு தனி லீவும் கிடையாது. போஸ்டர் ஒட்டின மகராசனுங்களுக்கு அது தோணலை.

முதல் பரீட்சைக்கு முன்னாடி, ஹால் டிக்கெட்டும் கையுமா என் கவுன்டர்ல முகம் சுண்டிப் போய் நின்னாங்க. பெரிய மூளைக்காரி நான் சொன்னேன்: "காய்ச்சல்னு போடுங்கக்கா. மூணு நாள் வரைக்கும் டாக்டர் சீட்டு வேணாம். யாரு தடுக்க முடியும்?"

"பொய்யாச்சேடி."

"யாரு எழுதலை? எங்க ரிஜிஸ்டரை நம்பினா இது கம்பெனியே இல்லக்கா, ஆஸ்பத்திரி."

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பாரத்தை நானே நிரப்பினேன். அவங்க கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. ஆறு பருவம், பருவத்துக்கு மூணு நாள்.

முதல் வகுப்புல பாஸ் பண்ணாங்க. எனக்கு அவங்க மேல பொறாமையும் பெருமையும் சமமா இருந்தது, அதை ஏன் மறைக்கணும்.

நேர்காணல் அன்னைக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்க நானும் அந்த ரூம்ல இருந்தேன். ஹெச்.ஆர். தலைவர் சான்றிதழை ரெண்டு விரலால தூக்கிப் பாத்தார்.

"ஆன்லைனா?"

"வேலை பாத்துக்கிட்டே படிச்சேன் சார்."

"அதுதாங்க யோசனையா இருக்கு. வேலையைப் பாத்தீங்களா, படிச்சீங்களா? வீட்ல உட்காந்து வாங்குறது. வேற யாராவது எழுதிக் கொடுத்தாக்கூட எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு ரத்தம் கொதிச்சது. இவங்க பஸ்ல படிச்சதைப் பாத்தவ நான். அக்கா கோபப்படலை. எதையும் தொலைக்காத மனுஷி, பையிலேர்ந்து ஆறு ஹால் டிக்கெட்டை எடுத்து மேஜையில வரிசையா வச்சாங்க. "பரீட்சை நேர்ல சார். போட்டோ பாத்துத்தான் உள்ளேயே விடுவாங்க. இதோ, ஒவ்வொரு தாளுக்கும் மேற்பார்வையாளர் கையெழுத்து, தேதி."

தேதின்னதும் எனக்கு என் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது.

அவர் ரொம்ப நேரம் பாத்தார். "இது ஸ்டாக் எடுக்கிற வாரமாச்சே"ன்னார். என் பக்கம் திரும்பி, "அந்த லீவு ரிஜிஸ்டரைக் கொண்டு வாங்கம்மா."

காணோம்னு சொல்லியிருக்கலாம். பூட்டுச் சாவி இல்லைன்னு சொல்லியிருக்கலாம். பாழாப்போன கால் போய், கை எடுத்துட்டு வந்துடுச்சு. அவர் ஸ்கேலை வச்சு வரிவரியாப் பாத்தார். பதினெட்டு நாளும் அப்படியே பொருந்துச்சு.

"படிப்பு நிஜம்னா காய்ச்சல் பொய். காய்ச்சல் நிஜம்னா படிப்பு பொய். எதும்மா?"

அக்கா ஹால் டிக்கெட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாங்க. "படிப்பு நிஜம் சார்."

"யார் யோசனை இது?"

"என்னோடதுதான்."

என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தா அவருக்கு விளங்கியிருக்கும். நான் ரிஜிஸ்டரை மூடி மார்போட அணைச்சுக்கிட்டு ஊமை மாதிரி நின்னேன். எனக்கும் குடும்பம் இருக்கு, வேலை போயிடும்னு பயம். இதைத் தவிர சொல்ல எங்கிட்ட ஒரு சாக்கும் கிடையாது.

கண்ணாடி ரூமுக்கு ரெகுலரா காலேஜ் போய்ப் படிச்ச ஒருத்தரை வெளியிலேர்ந்து எடுத்தாங்க. நல்ல மனுஷன்தான், திட்டக்கூட வாய் வரலை. எந்தப் பாகம் எங்கேன்னு தினமும் பேக்கிங் லைனுக்கு வந்து அக்காகிட்டதான் கேக்குறார். பொய் லீவுக்குத் தண்டனையா அக்காவை சூப்பர்வைசர் வேலையிலேர்ந்து இறக்கிட்டாங்க, இப்ப பேக்கிங் லைன்ல நிக்கிறாங்க. எட்டு மணி நேரம், அதே முழங்கால். ஒரு நாள் லீவுன்னாலும் ஆஸ்பத்திரி சீட்டு வேணும்னு அவங்களுக்கு மட்டும் தனி உத்தரவு.

வெளியிலயும் தேடிப் பாத்தாங்க. ஒரு இடத்துல "ரெகுலரா, ஆன்லைனா?"ன்னு கேட்டுட்டு அப்புறம் கூப்பிடவே இல்லை. இன்னொரு இடத்துல எல்லாம் கூடி வந்து, "உங்க கம்பெனியில ஒரு வார்த்தை விசாரிச்சுக்கறோம்"னாங்க. அக்காவே போனை வச்சுட்டாங்க.

போன வாரம் காலையில என் கவுன்டருக்கு வந்தாங்க. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையைத் தொட்டேன், அடுப்பு மாதிரி கொதிச்சது. பதினாறு வருஷத்துல முதல் தடவையா நிஜக் காய்ச்சல். பதறிப் போய்ப் பாரத்தை எடுத்தேன். காரணம்னு இருக்கிற கட்டத்துல என் பேனா நின்னுடுச்சு, அவங்க கையில ஆஸ்பத்திரி சீட்டு இல்லை.

"காய்ச்சல்னு போடாதேடி, நம்ப மாட்டாங்க. பரீட்சைன்னு போடு"ன்னு சிரிச்சாங்க.

"அக்கா, நான் போய் ஹெச்.ஆர்.கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்"னேன்.

"சொல்லி? ரெண்டு பேரும் பேக்கிங்ல நிக்கவா? உன் காலாவது நல்லா இருக்கட்டும்."

பாரத்தை என் கையிலேர்ந்து வாங்கி மடிச்சு வச்சுட்டு, கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறங்கி லைனுக்குப் போனாங்க. நான் என் நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கவே இல்லை.