கல்யாண பேனரில் ஒரு கொக்கி

விமானத்தில் நான் இன்றுவரை ஏறியதில்லை. ஆனால் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் இருக்கும் கூரைப் பலகை எதில் தொங்குகிறது, அதற்குள் விளக்கு எப்படி எரிகிறது என்று கேட்டால் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். வாய் சும்மா இருந்திருந்தால் என் நண்பன் இப்போது ஊரில் இருந்திருப்பான்.

என் பிழைப்பு காப்புரிமை விண்ணப்பம் எழுதுவது. ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்தால், அது உலகத்தில் வேறு எங்கேயும் ஏற்கெனவே வெளிவராததுதானா என்று தேடிப் பார்த்து, சட்டம் கேட்கிற மாதிரி எழுதி, படம் போட்டு அனுப்ப வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரு ஆபீசுக்காகப் பெரம்பலூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். கீழப்பழுவூரில் என் மாமனாரிடம் யாராவது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுறாரு" என்பார். கேட்டவரும் அதோடு விட்டுவிடுவார்.

நண்பன் என்னோடு பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்தவன். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. படிப்பு முடிந்ததும், அவன் தெருவில் பாதிப் பேரைப் போலவே வளைகுடாவுக்குப் போனான். அங்கே விமானங்களின் உட்புறத்தைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை. கூரைப் பலகையை இறக்குவது, அதற்குப் பின்னால் இருக்கும் விளக்கைச் சரிசெய்வது, பலகையைத் திரும்ப மாட்டுவது. ஒரு கையால் பலகையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வயரைத் தேடிச் சொருக வேண்டும். நாள் முழுக்க அண்ணாந்தே நிற்க வேண்டும். "கழுத்து எலும்பு தேஞ்சிருக்காம் மாப்ள, வேற வேலை பாருங்கறாரு டாக்டர்" என்று ஒரு வெள்ளிக்கிழமை போனில் சொன்னான். ஜும்மா தொழுகை முடிந்ததும் எனக்குப் போன் பண்ணுவது அவன் வழக்கம்.

அந்தக் கழுத்து வலியிலிருந்துதான் அவனுக்கு யோசனை வந்தது. விளக்கைப் பலகைக்குள்ளேயே பதித்துவிட்டால் என்ன? எனக்குப் படம் வரைந்து அனுப்பினான். தேடிப் பார்த்தேன். பலகைக்குள் விளக்கு பதிப்பதைப் பல பேர் பல வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பழைய பலகையையும் பழைய விளக்கையும் ஒன்றாக வைத்து, அது அது தன் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தால் நம் சட்டம் அதைக் கண்டுபிடிப்பு என்று ஒத்துக்கொள்ளாது, வேற வேலையைப் பாரு என்றேன்.

மறுவாரம் அவன் அனுப்பிய படத்தில் ஒரு கொக்கி இருந்தது. பலகை தொங்கும் கொக்கி வழியாகவே கரண்ட் வரும். மாட்டினால் விளக்கு எரியும். கழற்றத் தூக்கினால், பலகை கையோடு வருவதற்கு முன்பே கரண்ட் நின்றுவிடும். வயரைத் தேடித் தடவ வேண்டியதே இல்லை. பலகையைத் தாங்குவதும் விளக்கை எரிய வைப்பதும் அந்த ஒரே வளைவு. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். எவ்வளவு தேடியும் அப்படி ஒன்று எங்கேயும் கிடைக்கவில்லை. வேலைக்குச் சேரும்போது அவன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை வாங்கி வரி வரியாகப் படித்தேன். முதலாளிக்கு இதில் உரிமை இல்லை. எல்லாம் அவனுடையது.

ஓசூர்ப் பக்கம், விமானத்தின் உட்புறப் பாகங்களைச் செய்யும் ஒரு கம்பெனி, ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்து, ஆர்வம் காட்டியது. காப்புரிமை நிற்கும் என்றால் அந்தப் பலகையை நாங்களே செய்கிறோம், நீங்களே வந்து அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணை இங்கே விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து பார்க்கிற வாழ்க்கை அவன் அத்தாவுக்கும் அமைந்தது, அண்ணனுக்கும் அமைந்தது. அவனுக்கு அது வேண்டாம். "இன்ஷா அல்லா, அந்தக் கொக்கியில தொங்கிக்கிட்டே ஊருக்கு வந்துடுவேன்" என்று சிரித்தான்.

விண்ணப்பத்தை அப்போதே போட்டிருக்க வேண்டும். முழுசாக எழுத நேரமில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிந்திருக்கும். ஆனால் நண்பன் காரியமாயிற்றே, ஒரு கமா கூடத் தப்பாக இருக்கக் கூடாது என்று திருத்திக்கொண்டே இருந்தேன். அவன் கல்யாண லீவில் வந்து இறங்கியும் ஆயிற்று. "கல்யாணம் முடியட்டும்டா, நிதானமா கையெழுத்து போடு" என்றேன். அவனும் தலையாட்டினான்.

எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை கோட்டு சூட்டில் நடுவில் நிற்பார், பின்னால் கழுகு பறக்கும், கீழே நண்பர்களின் முகங்கள் வரிசையாக, பாதிப் பேர் கூலிங் கிளாஸோடு இருப்பார்கள். எங்களோடு படித்த ஒருவன் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்தான். பேனர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடைக்காரனின் கம்ப்யூட்டரில் கழுகைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழுகு எதுக்குடா? அவன் என்ன கழுகா புடிச்சான்? அவன் செஞ்சத போடு."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். விண்ணப்பத்துக்காக நான் தயார் செய்திருந்த மூன்றாவது படத்தைக் கொடுத்தேன். பலகையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் அது. கடைக்காரன் அதை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "கொக்கி ரொம்பச் சின்னதாத் தெரியுதேடா" என்றான்.

"பெருசாக்கு."

"இன்னுமா?"

"அதுதான்டா விஷயமே. நல்லாப் பெருசாக்கு."

அதோடு விட்டேனா? கீழே ஒரு வரியும் சொன்னேன்: 'கொக்கியில் தொங்கவிட்டாலே விளக்கு எரியும்! விமானக் கூரையை மாற்றப்போகும் எங்கள் விஞ்ஞானியே!' தினமும் போனில் யாராவது ஒருவரிடம், விண்ணப்பம் போடும்வரை யாருக்கும் காட்டாதீங்க சார், சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லாதீங்க சார் என்று ஓதுகிற நான்தான் அந்தக் கடையில் நின்று இதைச் சொன்னேன். எழுத்தாளர்கள் யாராவது இப்படி எழுதினால் நம்பமாட்டேன். ஆனால் அன்று என் கண்ணுக்கு அது பேனராக மட்டும்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு அடிக்கிற பேனர், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று காலை பைக்கில் போய் இறங்கினேன். மண்டபத்துக்கு எதிரே, ரோட்டோரமாகச் சவுக்குக் கட்டையில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது பேனர். அதன் முன்னால் இரண்டு பேர். எந்த வீட்டு விருந்தாளிகளோ தெரியவில்லை. ஒருவர் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது ஃபேன் மாட்டுறதாங்க?"

"இல்லங்க. நல்லாப் பாருங்க, கொக்கி வழியாவே கரண்ட்டு வருது. தூக்குனா இந்த எடம் மொதல்ல விலகுது பாருங்க, கட் ஆயிடும். ஷாக் அடிக்காது. நானும் துபாய்ல எலக்ட்ரீசியன்தான். மாஷா அல்லா, பையன் நல்லா யோசிச்சிருக்கான்."

நான் மூன்று மாதம் எழுதியதை அந்த மனிதர் ஒரே பார்வையில் சொல்லி முடித்துவிட்டார். அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் பார்த்துப் புரிந்துகொண்டால் போதும், அது உலகத்துக்கே வெளியானதுதான். அப்புறம் அது புதியது இல்லை. அரசாங்கம் அறிவித்த கண்காட்சியில் வைத்தால் சட்டம் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளும். கண்டுபிடித்தவருக்குத் தெரியாமல் திருடி வெளியிட்டாலும் வழி உண்டு. கல்யாண பேனருக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது.

அதற்குள் மாப்பிள்ளையே வெளியே வந்துவிட்டான். பேனரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "என் மூஞ்சியவிட கொக்கி பெருசா இருக்கேடா!" என்று என் தோளில் கை போட்டு, அதன் கீழேயே நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னான். எடுத்து முடித்ததும் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னடா, ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்லடா, வெயில்."

அன்றைக்குச் சொல்ல முடியாது, சரி. மறுநாள் சொல்லியிருக்கலாம். நாலாம் நாள் கையெழுத்து வாங்க அவன் வீட்டுக்குப் போனபோதும் சொல்லியிருக்கலாம். புதுப்பெண் திரைக்குப் பின்னால் நின்று டீ கொடுத்தனுப்பினாள். அவன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடும்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு நாளில் கழற்றிவிடுகிற பேனரை எந்த அதிகாரி தேடி வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விண்ணப்பத்தைப் போட்டேன். லீவு முடிந்து அவன் போய்விட்டான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் வந்தது. "எப்ப மாப்ள வரும்?" என்பான். "வரும்டா, கவர்மெண்டு காரியம்" என்பேன். இதை எழுதும்போது கூசுகிறது.

எட்டு மாதம் கழித்து, கல்யாண லீவில் அவன் செய்து வைத்திருந்த மாதிரிப் பலகையை நேரில் பார்க்க வேண்டும் என்று கம்பெனி ஆட்கள் சொன்னதால் அவன் மறுபடி லீவு போட்டு வந்தான். ஓசூரிலிருந்து ஒரு இன்ஜினியரும், சட்டப் பிரிவிலிருந்து ஒரு அம்மாவும் காரில் வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் தகர சீட் போட்ட ஒரு கொட்டகை அவன் பட்டறை. மாதிரிப் பலகை அங்கேதான் இருந்தது. நான் முதலில் உள்ளே போனேன். எப்போதும் உலைபோல் கொதிக்கும் அந்த இடம் அன்று குளுமையாக இருந்தது. ஏன் என்று அண்ணாந்து பார்த்தேன்.

சீட்டுக்குக் கீழே, மூலைக்கு மூலை கயிறு போட்டு, பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"பிளக்ஸ தூக்கிப் போட மனசு வரலங்க தம்பி. வெக்கைக்கு நல்லாருக்குன்னு நாந்தான் கட்டுனேன்" என்றார் அவன் அத்தா, என் பின்னாலேயே வந்து. "மவன் மூஞ்சி தெரியட்டும்னு படத்தக் கீழ்ப்பக்கமா வெச்சேன்."

கழற்ற நேரமில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். மாதிரியை இன்ஜினியர் கழற்றினார், மாட்டினார், விளக்கு எரிந்தது, சந்தோஷப்பட்டார். அந்த அம்மா நோட்டை விரித்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் சார் என்று ஆரம்பித்தார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இதை வெளியே யாருக்காவது காட்டினீர்களா?

"இல்லங்க" என்றான் நண்பன், சட்டென்று. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கும் அது பேனர்தான்.

விளக்கு வெளிச்சம் மேலே பட்டிருந்தது. அந்த அம்மா நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கொக்கியை, அதன் கீழிருந்த வரியை, கல்யாணத் தேதியை. பிறகு விண்ணப்பத்தில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"இது எப்ப சார் வெளிய வெச்சது?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் வாயைத் திறந்தவன் சொன்னது வேறு.

"நாந்தாங்க அடிக்கச் சொன்னேன். இவனுக்கு எதுவும் தெரியாதுங்க."

என் தொழிலையும் என் பேரையும் அவன் காப்பாற்றப் பார்த்தான். நான் பேசாமல் நின்றேன். அந்த அம்மா பேனரின் கீழ் வரிசையை மட்டும் ஒருமுறை பார்த்தார். இடமிருந்து மூன்றாவதாக, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நோட்டை மூடினார்.

கம்பெனியிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. கொக்கி நல்ல கொக்கி, ஆனால் அதை இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதனால் ஒப்பந்தம் இல்லை என்றார்கள். அந்தப் பிரிவுக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் நானேதான் எழுதினேன். அதில் திருத்த ஒன்றும் இல்லை, பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அவனைத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். பின்சீட்டில் அவனும் மனைவியும். வாசலில் இறங்கியதும் அவள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். அவன் கழுத்தில் வெள்ளைப் பட்டை மாட்டியிருந்தான். திரும்ப வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும். அப்படித் திரும்பி என்னைப் பார்த்தான்.

"பேனர் அடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல மாப்ள. நானும்தான அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்தேன். ஆனா அன்னிக்கே உன் மூஞ்சி சரியில்ல. என்னமோ இருக்கு, கல்யாண வூட்ல சொல்ல வேணாம்னு நெனைக்கிறான், அப்புறமா சொல்லுவான்னு இருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை.

"எட்டு மாசம்டா. சொல்லியிருந்தா வேற கொக்கி யோசிச்சிருப்பேன்ல?"

யோசித்திருப்பான். ஒரு வாரத்தில் யோசித்திருப்பான். முதல் கொக்கியே ஒரு வாரத்தில் வந்ததுதானே. பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தேன். "வேணாம், வுடு" என்று அவனே தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் ஒருமுறை உடம்போடு திரும்பி, மனைவிக்குக் கை காட்டினான்.

திரும்பி வரும்போது அவன் மனைவி பின்சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டோல்கேட் தாண்டியதும், "அண்ணே, அடுத்த தடவ எப்ப லீவு கெடைக்கும்னு உங்ககிட்டயாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

சொல்லவில்லை என்றேன். இந்த ஒன்றுக்காவது உடனே பதில் சொன்னேன்.