குச்சிலுக்குப் பின்னால் ஒரு குரல்

உச்சிவெயிலில் பேய் நடமாடும் என்பது எங்கள் உப்பளத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேய் சுடலைமாடத்திதான் என்பது யாருக்கும் தெரியாது. வெகுகாலம் கழித்து அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் தங்கை சீனித்தாய் பெரியவளானபோது, வழக்கப்படி வீட்டுக்கு வெளியே ஓலைக் குச்சில் கட்டித் தனியே உட்காரவைத்தார்கள். அந்த ரத்தம் ஏன் வருகிறது என்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஏதோ பாவம் செய்துவிட்டோம் என்று பயந்து அந்தப் பிள்ளை அரளி விதையைத் தின்று செத்துப்போனாள். பேய் அடித்துவிட்டது என்றார்கள்.

சுடலைமாடத்தி நாசரேத்துக்குப் போய் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே நடுங்கிய வருஷம் தூத்துக்குடிக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு எங்கே குச்சில் கட்டினாலும், உச்சியில் ஓலைக்குப் பின்னால் செத்த சீனித்தாய் பேசுகிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. பயத்தில் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. சுடலைமாடத்திக்கு வேண்டியதும் அதுதான். அந்த ரத்தம் ஏன் வருகிறது என்பதையெல்லாம் வயசுப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள் என்று தெரிந்தால் அவளைத் தெருவைவிட்டே விரட்டியிருப்பார்கள்.

தங்கை பேரைச் சொல்லிப் பேசும்போது தன் குரலே தனக்கு வேற்றுக்குரலாகக் கேட்கும் என்றாள். தான் நினைக்காததையும் சில நாள் அந்த வாய் பேசியதாம்.

கடைக்காரர் செந்தில்வேல் மகள் சண்முகவடிவு குச்சிலில் இருந்தாள். அவள் அம்மா மூக்கம்மாள் பேய்க்குக் காவலாக வாசலில் அரிவாளைப் போட்டுவிட்டு, உச்சியில் வேப்பங்குலையோடு முன்பக்கம் ஒளிந்து நின்றாள். காற்றே இல்லை. பின்பக்கம் ஓலை மட்டும் சரசரத்தது.

"ஏளா வடிவு, நான் சீனித்தாய். பயப்படாத. இது என்னதுன்னு நெனைக்க? மொதல்ல நீ சொல்லு."

"மாமா மவன் வண்டியில இருந்து இறக்கிவிட கையப் பிடிச்சான். அதான் சாமி தண்டிச்சிட்டு."

"கையப் பிடிச்சா ஒண்ணும் ஆவாது. வயித்துக்குள்ள பிள்ளை தங்குத பை இருக்கு. பிள்ளை இல்லாதப்ப மாசாமாசம் அது தன்னைக் கழுவிக்கிடுது. நோவும் இல்ல, பாவமும் இல்ல. ஒனக்குப் பிடிக்காம எவன் தொட்டாலும், மாமனே ஆனாலும், சத்தம் போடு. தப்பு ஒம்மேல இல்ல."

வடிவு உள்ளே மடி முடிச்சை அவிழ்த்தாள்.

"அரளி விதை வச்சிருக்கேன். அத என்ன செய்ய?"

"சந்து வழியா இங்கன குடு."

மூக்கம்மாள் கையிலிருந்த வேப்பங்குலை கீழே விழுந்தது. பின்பக்கம் எட்டிப்பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் உச்சிக்கு முன்னால் வாசலில் கிடந்த அரிவாளை அவளே எடுத்து உள்ளே வைத்தாள். சின்ன மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து குச்சிலுக்குள் அக்காள் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஓலை சரசரத்ததும் வாசலில் நின்றபடியே பேசினாள்.

"சீனித்தாயி, இவ இன்னும் ஆளாகல. இவளுக்கு இப்பமே சொல்லிரு. எனக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் யாரும் சொல்லல."

பின்பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"நீயும் உள்ள வந்து உக்காரு, மூக்கம்மா."