பயோடேட்டாவில் அத்தையின் உயரம்

கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கிய பெண் என்று எங்கள் ஊரில் முதலில் சொல்ல வேண்டியது என் அத்தையைத்தான். தூத்துக்குடித் தோணியில் வெங்காயம் போகிற மாலத்தீவுக்கு அத்தை பந்தாடப் போனாள். தாய்லாந்தில் இரண்டு சீசன் ஆடினாள். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடியும் ஆடினாள். அதெல்லாம் பின்னால். நான் சொல்ல வந்தது, நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நடந்தது.

சென்னையில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் அணி ஒன்று, மாதச் சம்பளத்துக்கு ஆட வரச் சொல்லி அத்தைக்குக் கடிதம் போட்டிருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், அமைந்தால் கல்யாணம், அமையாவிட்டால் சென்னை என்றார்.

அத்தை ஐந்தடி பதினொன்று. பயோடேட்டாவில் அப்பா ஐந்தடி ஐந்து என்று எழுதியிருந்தார். மீதி ஆறு அங்குலத்தை மறைக்க அவரே வழியும் கண்டுபிடித்தார். மாப்பிள்ளை வீட்டார் வருமுன்பே அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும்; அவர்கள் தெருமுனை தாண்டும்வரை எழுந்திருக்கக் கூடாது. காப்பியை அம்மா கொண்டு வருவாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பூ வைக்கிற நாள்வரை பேச்சு வந்துவிட்டது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மூலையில் நின்று இறகுப்பந்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். அது போய் பீரோ மேல் விழுந்தது.

"எடுத்துக் குடு அத்தை" என்றேன். எங்களுக்கு எட்டாததையெல்லாம் அவளிடம் கேட்பதுதானே வழக்கம்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். எழுந்துகொண்டே இருந்தாள். குதிகால் தூக்காமல் பீரோ மேல் கையை விட்டு எடுத்துக் கொடுத்தவள், உட்காராமல் அங்கேயே நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கீழே வைத்தார். "ஏலே, நீயும் எந்திச்சுப் பக்கத்துல நில்லு."

மாப்பிள்ளை நின்றார். அத்தையின் காதுவரை வந்தார்.

"அண்ணாச்சி, பேப்பர்ல உள்ளது வேற பிள்ளையா?" என்று அந்த அம்மாள் அப்பாவிடம் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

"ஏளா, சொன்னா கேக்க மாட்டியா?" என்றார் அப்பா.

"சின்னப்பிள்ள கேட்டுச்சுல்லா, அண்ணே" என்றாள் அத்தை. அடி எனக்கு விழுந்தது.

அப்பா சொன்ன சொல் மாறாதவர். சாயங்காலமே அத்தையைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டார். அவள் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான் என்று அம்மா மத்தியானம் முழுக்கச் சொன்னதில் நானும் நம்பிவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான அத்தை?" என்று கேட்டேன்.

"ஆமாளா, உன்னாலதான்" என்று அத்தை சிரித்தபடி என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ரயில் போன பின்னும் நான் அழுதேன். இவ்வளவு பெரிய தப்புக்கு அத்தை ஏன் சிரித்தாள் என்று வீடு வரும்வரை அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.